வீட்டுச் சத்தம்

கதவை யாரோ குறட்டின் பிடியால் தட்டினார்கள். டக், டக், டக். கழுவிய தம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஈரக்கையைத் துடைத்தபடி போய்த் திறந்தாள். காக்கிச் சட்டையும் தோளில் வயர்ச் சுருளுமாகக் கரண்ட்காரர் நின்றிருந்தார். "மீட்டர் மாத்தணும்னு சொன்னது இந்த வீடுதானே? எவ்வளவு நேரம் தட்டுறது, தூங்கிட்டீங்களா?" என்றார். அவர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை, குரலே அப்படி. மீட்டர் மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. அவள் இறங்கிப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். கூடத்துத் தரையில் வண்ணப் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. காகிதத்தில் ஒற்றைக் காலோடு ஒரு வாத்து நின்றது. அதை வரைந்துகொண்டிருந்த சிறுமி பொட்டுவைக் காணோம்.

போர் துரத்த ஓடி வந்த குடும்பங்கள் புது ஊரில் காலூன்ற உதவும் குழு ஒன்றில் மாணவி சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கல்லூரி இல்லாத நாட்களில் வருவாள். எந்த பஸ் எங்கே போகும், அடுப்பை எப்படி ஏற்றுவது, பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கூடவே நின்று காட்டுவாள். இந்தக் குடும்பம் போன வாரம்தான் வந்தது. அம்மா, அப்பா, ஆறு வயதுப் பொட்டு, ஒரு கைக்குழந்தை. அப்பாவுக்கு இன்று ரொட்டிக் கடையில் முதல் நாள் வேலை. அம்மா குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தனியாகக் கிளம்பினாள். "வழி தெரியும், நானே போயிட்டு வர்றேன்" என்று அவள் சொன்னதில் மாணவிக்குப் பெருமைகூட. வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "தங்கச்சி, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். இப்போது அது கல்லாகி மாணவியின் நெஞ்சில் உட்கார்ந்தது.

"பொட்டு!" என்று கூப்பிட்டாள். விளையாட்டாகத்தான் முதலில் கூப்பிட்டாள். குளியலறை, கட்டிலுக்கடியில், கதவின் பின்னால். கூடத்தின் ஒரு மூலையில் ஊரார் கொடுத்த சாமான்கள் மலையாகக் கிடந்தன: சாத்தி வைத்த மெத்தைகள், அவற்றின் முன்னே துணி மூட்டைகள், கால் ஆடும் மேசை, நேற்று வந்து இன்னும் கரண்ட் கொடுக்காத பழைய ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜைப் பார்த்ததும், உள்ளே அடைபட்டுப்போன குழந்தைகளைப் பற்றிய செய்திகள் அவளுக்கு நினைவு வந்தன. ஓடிப் போய்க் கதவை இழுத்தாள். பழைய ரப்பர் வாசனை மட்டும் வந்தது. உள்ளே யாரும் இல்லை. "பொட்டு, பயப்படாத! வெளிய வா! யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க!" அவள் குரல் உடைந்து மேலேறியது.

கீழ்க்கடைத் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு படியேறி வந்தார். "என்னம்மா, வீட்டை ரெண்டாக்குற? என் பையனும் இப்படித்தான், புத்தகத்தை எடுன்னா ஆள் மாயமாயிடுவான்" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். கரண்ட்காரர் மொட்டைமாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியின் மூடி நகரும் சத்தம் மேலிருந்து கேட்டது. மாணவி படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஜெபம் வரவில்லை. அதுவே போதும் என்று கேட்கிறவனுக்குத் தெரியும்.

"தொட்டியில இல்ல" என்று அவர் மேலிருந்து கத்தினார். அவள் மூச்சு விட்டாள். அடுத்த நொடியே தெருவிலிருந்து லாரியின் ஹாரன் கேட்டது. படியிறங்கினால் பெரிய சாலை. வீட்டுக் கதவும் திறந்தேதான் கிடந்தது. மூவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கூப்பிட்டார்கள். பொட்டு, பொட்டு என்று கட்டடம் முழுக்க ஒரே பெயர் எதிரொலித்தது.

அந்தக் குரல்களுக்கு நடுவில்தான் அம்மா தோளில் குழந்தையோடு படியேறி வந்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தாள். ஒற்றைக்கால் வாத்தைப் பார்த்தாள். மாணவி, "அக்கா, நான் ஒரு நிமிஷம்தான்..." என்று தொடங்கியதும் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"யாரும் கூப்பிடாதீங்க."

அவள் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கூப்பிட்டா வரமாட்டா. வரக்கூடாதுன்னு நான்தான் பழக்கி வெச்சிருக்கேன்" என்றாள். "அங்க காக்கி போட்டவங்க வீடு புகுந்தா தேட மாட்டாங்க. அம்மாவை வாசல்ல நிறுத்திக் கூப்பிட வைப்பாங்க. பயப்படாத, வெளிய வா, ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லச் சொல்லுவாங்க. பக்கத்து வீட்டு அம்மா அப்படித்தான் கூப்பிட்டா. அந்தப் புள்ளைங்க வந்துச்சுங்க." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "அதனால தினமும் விளையாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தேன். அம்மா கூப்பிட்டாலும் வராதே, அழுதுகிட்டே கூப்பிட்டாலும் வராதேன்னு."

தான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் மாணவிக்கு நினைவு வந்தது. அன்பாகத்தான் கூப்பிட்டிருந்தாள். ஒவ்வொரு கூப்பாடும் அந்தக் குழந்தையை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. "இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"இங்க அது தேவைப்படாதுன்னு நினைச்சேன்" என்றாள் அம்மா.

"அப்ப எப்படித்தான் வருவா?" என்று தையற்காரர் மெல்லக் கேட்டார்.

"வீட்டுச் சத்தம் கேக்கணும். அவங்க உள்ள இருந்தா எந்த வீட்லயும் பாத்திரம் உருளாது, யாரும் சமைக்க மாட்டாங்க. வேலைச் சத்தம் கேட்டா ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தம்."

"சரிம்மா. ஆனா புள்ள ரோட்டுப் பக்கம் போயிருந்தா?" என்றார் கரண்ட்காரர். "போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமே." போலீஸ் என்ற சொல்லுக்கு அம்மா ஒரு அடி பின்வாங்கினாள். "வெளிய ஓட மாட்டா. உள்ளதான் ஒளிவா. எனக்குத் தெரியும்" என்றாள். குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் வெங்காயக் கூடையை மாணவியின் பக்கம் தள்ளினாள். மாணவி கூடையைப் பார்த்தாள். தெருவுக்கு ஓடு என்று அவள் கால்கள் சொல்லின. ஒருவேளை குழந்தை அங்கேதான் இருந்துவிட்டால், இங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பாவம் யாரைச் சேரும்? ஆனால் பெற்றவள் தேடாமல் வேலையைப் பார்க்கச் சொல்கிறாள். நமக்கு நல்லதென்று தோன்றுவதைச் செய்வது எளிது. அடுத்தவருக்கு எது நல்லதோ அதை அவர் சொல்லக் கேட்டுச் செய்வதற்குத்தான் மனம் பழக வேண்டியிருக்கிறது. அவள் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தையற்காரர் கீழே போனார். சிறிது நேரத்தில் அவருடைய மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. பிறகு அவர் தெருப் பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைப்பது கேட்டது. துணியை ஓட்டியபடியே சாலையில் ஒரு கண் வைத்திருக்கிறார் என்று மாணவிக்குப் புரிந்தது. கரண்ட்காரர் படித் திருப்பத்தில் நின்று தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். காக்கிச் சட்டையைக் கழற்றினார், சுருட்டிப் பைக்குள் வைத்தார். தோளில் ஓட்டை விழுந்த பனியனோடு குனிந்து மீட்டரின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா அதைப் பார்த்தாள். போய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள்.

தண்ணீர் கொதித்தது. தேயிலை போட்டு இறக்கினாள். குழந்தை ஊசி போட்ட இடம் வலித்துச் சிணுங்கியது, பிறகு பால் குடித்து அடங்கியது. மாணவி வெங்காயத்தை நறுக்கினாள். கண்ணீருக்குச் சொல்லக் காரணம் கிடைத்தது. நறுக்கி முடித்ததும் அம்மா இன்னும் இரண்டை எடுத்து அவள் முன் வைத்தாள்.

"இவ்வளவு வெங்காயம் எதுக்குக்கா?"

"நறுக்கு" என்றாள் அம்மா. "நிறுத்தாத."

ஒரு லாரி கட்டடத்தையே அதிர வைத்துப் போயிற்று. மெஷின் சட்டென்று நின்றது. மாணவியின் கத்தியும் நின்றது. படித் திருப்பத்தில் கரண்ட்காரர் நிமிர்ந்தார். எல்லோரும் தெருவுக்குக் காது கொடுத்தார்கள். அம்மா மட்டும் அசையாமல், கழுவி வைத்த தம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினாள். கொஞ்சம் கழித்து மெஷின் மறுபடி ஓடியது.

"என்னம்மா, டீ வாசனை இங்க வரைக்கும் வருது" என்றார் கரண்ட்காரர் வெளியிலிருந்து. அவருக்கு இயல்பாகப் பேச வரவில்லை, ஆனால் முயன்றார். "எனக்கும் ஒண்ணு உண்டுல்ல?"

"உண்டுண்ணா. சர்க்கரை போடலாமா?" என்று அம்மா கேட்டாள். முகத்தில் நிறமே இல்லை. குரல் மட்டும் ஏதோ விருந்தாளியை உபசரிப்பதுபோல் இருந்தது.

"நல்லாப் போடுங்க. டாக்டர்தான் வேணாம்பார், அவரா வந்து பாக்கப் போறாரு?"

அவள் தம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினாள். அப்போது கூடத்து மூலையில் ஒரு துணி மூட்டை சற்றுச் சாய்ந்தது. மாணவி தலையைத் திருப்பப் போனாள். அம்மாவின் விரல்கள் வந்து அவள் மணிக்கட்டை அழுத்தின. "பாக்காத. வேலையைப் பாரு."

அவள் குனிந்து வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கடைக்கண்ணை என்ன செய்வது? சாத்தி வைத்த மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ கொடுத்த கம்பளியின் ஓரத்துக்குக் கீழே, ஐந்து சின்னக் கால்விரல்கள் தெரிந்தன. அவை முன்னே வரவும் இல்லை, பின்னே போகவும் இல்லை. அம்மா இன்னொரு சின்னத் தம்ளரை எடுத்தாள். அதில் பாதி மட்டும் ஊற்றி, ஆறுவதற்காக உயரத் தூக்கி ஆற்றத் தொடங்கினாள்.