ஒரு வருஷமும் ஒரு நாளும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதால்மிஸ், துல்மாவின் காலை மிதித்துவிட்டாள். ஹோட்டலின் சலவை அறையில் துணி வண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தவள், திரும்பிப் பார்க்காமல் தன் முழு எடையையும் துல்மாவின் இடது பாதத்தில் இறக்கினாள். மிதித்ததுகூடப் பெரிதில்லை. துல்மா மங்கோலியாக்காரி, அவர்களிடம் அதற்கு ஒரு வழி உண்டு. காலில் கால் பட்டால் உடனே கையைப் பிடித்துக் குலுக்கிவிட வேண்டும். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் சரி, கை கொடுத்தால் விஷயம் அதோடு முடிந்தது. கொடுக்காமல் போனால் அந்த இருவரும் பகையாளிகள் ஆவார்கள் என்பது சின்ன வயதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தக் கியூபாக்காரிக்கு அது எங்கே தெரியும்? பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமும் கொடுத்தாள். கையை மட்டும் கொடுக்கவில்லை. பக்கத்தில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த ஹுலானும் மங்கோலியப் பெண்தான். "அக்கா, நீங்களாவது கையக் குடுத்துடுங்க" என்று தங்கள் மொழியில் முணுமுணுத்தாள்.

"மிதிச்சவ குடுக்கட்டும்" என்று சொல்லி, துல்மா இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பிடிக்காமல் போனதற்குக் கால் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். துல்மா அமெரிக்காவின் டென்வருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, இந்த ஹோட்டலில் மட்டும் பதினாலு. சுற்றுலா விசாவில் வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவள். தவறாமல் வரி கட்டினாள். சிவப்பு விளக்கை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. மூன்று வக்கீல்களைப் பார்த்தாள், மூன்று பேரும் தலையை ஆட்டிவிட்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள். சொந்த ஊர் தர்ஹானில் அம்மா செத்தபோது போக முடியவில்லை, போனால் திரும்ப வர முடியாது. கியூபாக்காரர்கள் கதை வேறு. எல்லையைத் தாண்டி வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் போதும், சட்டமே கூப்பிட்டு, நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டையைக் கையில் கொடுக்கும். எந்தக் காலத்திலோ அவர்கள் நாட்டு அரசாங்கத்தின் மேல் அமெரிக்காவுக்கு வந்த கோபத்தில் போட்ட சட்டம் அது. மங்கோலியாவின் மேல் இவர்களுக்குக் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அதனால் சட்டமும் இல்லை. நினைக்க நினைக்கத் துல்மாவுக்கு வயிறு எரிந்தது.

இதால்மிஸ் அந்த எரிச்சலில் எண்ணெய் வார்ப்பதற்கென்றே பிறந்தவள்போல நடந்துகொண்டாள். குளியலறையைத் தேய்க்கும்போது போனில் பாட்டைச் சத்தமாக வைத்தாள். துல்மா ஃபிளாஸ்கில் கொண்டுவரும் உப்புப் பால் தேநீரை மோந்து பார்த்து, "இது டீயா, சூப்பா?" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே துல்மாவை அவள் கூப்பிட்ட விதம். கண் சற்றே இடுங்கியிருந்தால் அவளுக்கு எல்லாரும் சீனாதான். சீனாவோடு காலங்காலமாக ஆகாத மங்கோலியப் பெண்ணைப் பார்த்து, காலையும் மாலையும், முப்பது பேர் காதில் விழ, "சீனாக்கா, சோப்பு எங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதில் நேராகச் செருப்பால் அடித்திருக்கலாம்.

துல்மாவும் சும்மா இருக்கவில்லை. மூத்தவள் என்ற முறையில் அறைகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. இதால்மிஸ் துடைத்த அறைகளில் மட்டும் கட்டிலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தூசி தேடினாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாலோ, பனியில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாலோ, "உனக்கென்னம்மா, ஒரு வருஷம் ஒரு நாள்" என்பாள். சளி பிடித்துத் தும்மினால்கூட அதையேதான் சொன்னாள். சலவை அறைக் காலண்டரில் அந்த நாள் எது என்று எண்ணிப் பார்த்து, பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்திருந்தாள். அடுத்தவள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிற பைத்தியம் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அவளுக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் அறைப் பராமரிப்புத் தலைவியாக இருந்த ரூத் ஓய்வு பெறப்போவதாகச் செய்தி வந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேரைத்தான் யோசிக்கிறேன், துல்மா அல்லது இதால்மிஸ் என்று மேலாளர் டோலன் சொல்லிவிட்டார். துல்மாவுக்கு அந்த வேலை வேண்டும். பெருமைக்காக மட்டும் இல்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இன்னும் ஒரு வருஷம் குளியல் தொட்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டால் அப்புறம் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்பது வயதில், காகிதம் இல்லாதவளை, வேறு எந்த ஹோட்டல் சேர்த்துக்கொள்ளும்? பதினாலு வருஷம் இருந்தவளையும் ஒரு வருஷம் இருந்தவளையும் ஒரே தட்டில் வைத்தது அவளுக்கு ஆறவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுவது என்றால் இதுதான்.

அந்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஹானா என்ற பெண் ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். மங்கோலியர்களையும் கியூபாக்காரர்களையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியாம். யார் எப்படி வந்தார்கள், யார் முன்னேறினார்கள், யார் தேங்கினார்கள், ஏன். இதற்கு மூன்று வருஷ உதவிப்பணம் எதற்கு, என்னைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பேனே என்று துல்மா நினைத்தாள். டோலன் சந்தோஷமாகச் சாப்பாட்டு அறையை ஒழித்துக் கொடுத்து, தானும் காப்பிக் கோப்பையோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் துல்மாவும் ஹுலானும், எதிரே இதால்மிஸ். ரூத்தின் நாற்காலிக்கு இதுதான் தேர்வு என்று மேசையின் இரண்டு பக்கமும் நினைத்தது.

படிப்பு என்ன என்று ஹானா கேட்டாள். துல்மா ஐந்து வருஷப் பட்டம் என்றாள், பத்து வருஷம் கணக்கு வாத்தியார் என்றாள். இதால்மிஸ் வாழைக்காய் வறுவலை மென்றுகொண்டே, தான் கியூபாவில், ஓல்கினில் பல் டாக்டர் என்றாள். இரண்டுமே உண்மை. வாத்தியாரும் டாக்டரும் அன்று காலை ஆளுக்குப் பதினாலு கழிவறை கழுவியிருந்தார்கள். வீடு பற்றிக் கேட்டதற்கு, பக்கத்து ஊர் அரோராவில் மாமாவின் சொந்த வீட்டில் இருப்பதாக இதால்மிஸ் சொன்னாள், கார் நிறுத்தும் கொட்டகையில்தான் படுக்கை என்பதைச் சொல்லவில்லை. துல்மா வாடகை வீட்டை ஒரே வார்த்தையில் தாண்டி, மகன் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிப்பதை நான்கு வாக்கியத்தில் சொன்னாள். பதிலுக்கு இதால்மிஸிடமிருந்து அவள் அண்ணனின் சொந்த லாரி வந்தது. டோலன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

பிறகு ஹானா குரலைத் தாழ்த்தி, அடுத்த கேள்வி குடியேற்ற நிலை பற்றியது என்றாள். "இதுக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயமே இல்ல. வேணாம்னா விட்டுடலாம்."

கறுப்பு பீன்ஸ் சோற்றுக்குள் இதால்மிஸின் கரண்டி ஒரு கணம் நின்றது. அவள் துல்மாவைப் பார்த்தாள். "வந்துடுச்சு. போன செவ்வாய்க்கிழமை" என்றாள்.

டோலன் கை தட்டினார். பென்சில் புள்ளி தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டதே, இன்னும் தம்பட்டம் அடிக்கவில்லையே என்று துல்மா நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஹானா அவள் பக்கம் திரும்பினாள். தலையை ஆட்டி, அடுத்த கேள்வி என்று சொன்னால் போதும். ஆனால் இதால்மிஸ் இன்னும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருப்பதாகத் துல்மாவுக்குப் பட்டது. அவளோடு சண்டை போடலாம், அவளிடம் இரக்கம் வாங்க முடியாது.

"எனக்கு எப்பவோ வந்தாச்சு. எட்டு வருஷம் ஆச்சு" என்றாள் துல்மா.

ஹுலானின் முள்கரண்டி தரையில் விழுந்தது. டோலன் நிமிர்ந்து பார்த்தார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வேலை அனுமதி என்று துல்மா கொடுத்த காகிதத்தைப் படிக்காமலே ஃபைலுக்குள் போட்டு அலமாரியில் வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அதைக் கண்டும் காணாமல் இருந்தவர். அவர் முகத்தில் சந்தேகம் வந்திருந்தால் துல்மா தாங்கியிருப்பாள். அதில் தெரிந்தது நிம்மதி.

மறுநாள் காலை அவர் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு பெயரையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று, அவர்கள் இரண்டு ஃபைலையும் கேட்கிறார்கள், திங்கட்கிழமை அட்டையைக் கொண்டுவாருங்கள், நகல் எடுக்க வேண்டும் என்றார். "உண்மையச் சொல்றேன் துல்மா, இத்தன வருஷமா உங்க ஃபைல எடுக்கவே பயந்துக்கிட்டு இருந்தேன். இப்பதான் மூச்சு வருது" என்று தோளைத் தட்டினார். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று துல்மா அவசரமாகச் சொல்லிப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்து அவர் சிரித்தார். வேண்டாம் என்றாலும் ஃபைல் போகத்தான் வேண்டுமாம்.

தவளை தன் வாயால் கெடும். பதினாலு வருஷம் யாரும் கேட்காத கேள்விக்கு, பதில் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பதில் சொன்னவளை எதால் அடிப்பது? ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் துல்மா தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, இதால்மிஸைத்தான் திட்டினாள். அவள் அந்தப் பார்வை பார்க்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? ஹுலான் போன் செய்து, போலி அட்டை செய்கிற ஆள் ஒருவனைத் தெரியும் என்றாள், துல்மா வைத்துவிட்டாள். மகன் போன் செய்தபோது பதவி கிட்டத்தட்ட உறுதி என்று சொன்னாள். பொய் ஒன்று வந்தால் தனியாக வருவதில்லை.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்கு வெளியே இருந்த குறுகலான நடையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் இதால்மிஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். வழக்கமான உதட்டுச் சிவப்பு இல்லை. மடியில் ஒரு உறை. அட்டை அதற்குள்தான் இருக்கும் என்று துல்மா நினைத்தாள்.

"என்ன, அட்டைக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்திருக்கியா?"

இதால்மிஸ் உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். துல்மா முதல் இரண்டு வரியைப் படித்தாள். பச்சை அட்டையை மறுத்திருந்தார்கள்.

"எல்லையில குடுக்கற தாள் ரெண்டு வகையாம். ஒண்ணுக்கு அட்டை உண்டு, இன்னொண்ணுக்குக் கிடையாதாம்" என்றாள் இதால்மிஸ். "எனக்கு முன்னாடி நின்னவனுக்கு நல்ல தாள். எனக்கு இது. அந்த ஆபீசர் கை எந்தக் கட்டுல பட்டுச்சோ, அது. வேலை பாக்கற அனுமதியும் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்புறம் எதுக்கு வந்துடுச்சுன்னு சொன்ன?"

"எதிர்ல நீ உக்காந்திருந்தியே. ஒரு வருஷமா ஒரே பாட்டு. தும்முனாக்கூட அதே பாட்டு. உன் முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல." இதால்மிஸ் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்கென்ன, எட்டு வருஷ அட்டைக்காரி. போய் ரூத்தோட நாற்காலில உக்காரு."

துல்மா சுவரைப் பார்த்தாள். "என்கிட்டயும் இல்ல" என்றாள்.

இதால்மிஸ் சிரித்தாள். அது கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பில்லை. "பொய்க்காரி."

"நீதான் முதல்ல பொய் சொன்ன."

"நீ ரெண்டாவது சொன்ன. உனக்கு யோசிக்க நேரம் இருந்துச்சு."

பேச மிச்சம் இருந்ததெல்லாம் வசவுதான், அதற்கும் தெம்பில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூத்தவர் முதலில் என்று சொல்லிக்கொண்டே டோலன் கதவைத் திறந்தார். துல்மா எழுந்தாள். முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடிக்கப் போனவள், தன் முழு எடையையும் இதால்மிஸின் பாதத்தில் இறக்கிவிட்டாள்.

கை தானாக நீண்டது. அவள் நீட்டவில்லை. நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம் நீட்டியது.

இதால்மிஸ் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். மிதிச்ச அன்னிக்கே ஹுலான் சொல்லிட்டா. மறுநாள் காலையில குடுக்கணும்னுதான் உன்கிட்ட வந்தேன். நீ பையிலேருந்து கையையே எடுக்கல." அவள் தன் கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஒரு வருஷம் ஒரு நாள் கழிச்சு வா, சீனாக்கா. தர்றேன்."

துல்மாவின் கை நீட்டியபடியே நின்றது. கதவருகில் இருந்த டோலன் அது தனக்குத்தான் என்று நினைத்தார். இரண்டு கையாலும் அதைப் பிடித்து, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு பலமாகக் குலுக்கி, அட்டை கொண்டுவந்தீங்களா என்று கேட்டார்.