ராக்காயியின் கொடித்தோடை

1.
இந்தக் கதை ஒரு வாசத்தில் தொடங்கியது. இலங்கை மலையகத்தில் இறம்பொடைப் பக்கம் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே கொடித்தோடைப் பூ மணத்தது. எந்த வீட்டுப் பூ என்று இறங்கிப் பார்க்காமல், ராக்காயியை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

முதல் வரி: பனி படர்ந்த மலைகளின் மடியிலே...

(அடித்துவிட்டேன். காலண்டரில் போடத்தான் லாயக்கு.)

2.
ராக்காயி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். புளிப்பும் இனிப்புமாகப் பழம் தருகிற அந்தக் கொடியை தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் கூரையோரம் கம்பி கட்டி ஏற்றியிருந்தாள். அது நெடுநெடுவென்று ஓடியதே தவிர, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, தீபாவளி முடிந்த கையோடு எச்சரித்துவிட்டார்.

"தகரம் கெட்டுப்போகுது. பொங்கலுக்குள்ள பூக்கலைன்னா வெட்டிப்புடுவேன்."

கூரையும் தோட்டத்துடையது, மண்ணும் தோட்டத்துடையது. ராக்காயி தனக்கென்று நட்டது அந்தக் கொடி ஒன்றைத்தான்.

3.
இங்கே ஒரு வில்லி வேண்டுமே என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மாவை இழுத்துவந்தேன். பொறாமையில் அவள் ஒருநாள் கொடியை...

(வேண்டாம். வீரம்மா நல்லவள். எனக்குத்தான் சோம்பல்.)

நடந்தது இதுதான். இருவரும் கொடியடியில் நின்று வீரம்மாவின் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவாரசியமான கட்டம்.

"அடியே ராக்காயி, கையப் பாரு! அது தேயில இல்லடி!"

பார்த்தாள். கை நிறையக் கொடியின் நுனிகள். பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடக்க, விரல்கள் பாட்டுக்குக் கொழுந்தெடுத்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"நானே கெடுத்துக்கிட்டேனே வீரம்மா!"

4.
சோகமாக முடிக்கத்தான் நினைத்திருந்தேன். கொடி சம்மதிக்கவில்லை. ஒடித்த இடத்திலெல்லாம் பக்கக் கிளை விட்டது. (நுனி போனால் கிளைக்கும், அந்தக் கிளையில்தான் பூக்கும். இதை எழுதப் போய்த்தான் எனக்கும் தெரிந்தது.) பொங்கலுக்கு முன்பே கூரை முழுக்கப் பூ. லயம் மொத்தமும் மணத்தது. ராக்காயிக்குத் தலைகால் புரியவில்லை.

கத்தியோடு ஆள் கூட்டிவந்த கண்டாக்கையா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

"என்ன போட்ட ராக்காயி?"

"ஒண்ணும் போடலைங்கய்யா. கொழுந்தெடுத்தேன்."

வீரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கத்தி வந்த வழியே போனது.

5.
பழம் பழுத்ததும் கண்டாக்கையா வாசலில் வந்து நிற்கிறார். "எனக்கொண்ணு குடேன்" என்கிறார். கொடுத்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கொடுக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவர் கேட்கத்தான் வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் ராக்காயியின் இஷ்டம்.