கேப்டனின் கூடாரம்

வெல்மா கஃபி தன் மகள் ஜோனெலைப் பத்து வயதில் ஒரு தீக்குச்சிக்காகச் சோதனையில் தோற்கடித்தாள். கூயாவ் என்ற அந்தத் தீவுக் கடற்கரை ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, உச்சுக்கொட்டுபவர்களும் உண்டு.

விஷயம் இதுதான். பெண் சாரணர் இயக்கத்தில் சின்னப் பெண்கள் முதலில் பிரவுனிகளாகச் சேருவார்கள்; ஊரில் அவர்களுக்குக் கேப்டன் வெல்மாதான். பத்து வயது முடிந்ததும் கைட்ஸ் படைக்கு ஏற வேண்டும். எல்லாச் சோதனையிலும் தேறியவளுக்குச் சட்டையில் இரண்டு துணிச் சிறகுகளைக் குத்துவார்கள். பெரிய பெண்கள் இருவர் கைகளைக் கோத்து இருக்கை மாதிரி ஆக்கி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் கைட்ஸ் நிற்கும் பக்கம் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பறப்பது என்று பெயர். ஒன்றில் தவறினாலும் நடந்துதான் போக வேண்டும். ஜோனெல் முடிச்சுப் போட்டாள், காயத்துக்குக் கட்டுக் கட்டினாள், பொத்தான் தைத்தாள். கடைசியாக இரண்டே குச்சியில் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கடற்காற்று. மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. வேறு பிள்ளையாக இருந்தால் வெல்மா காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்டும் காணாமல் இருந்திருப்பாள். பெற்ற மகள் ஆயிற்றே, அதனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

அவள் பயந்தது மிஸ் ஈனிடின் வாய்க்கு. மீன் சந்தையில் கடை போட்டிருந்த ஈனிடுக்குக் கத்தியைவிட நாக்கு கூர்மை. ஜோனெல் ஆறு பிள்ளைகளுக்குத் தலைவியானபோதே அவள் நாலு பேர் காதில் விழும்படி, "தாயி கேப்டன், மவ லீடர். மத்த புள்ளைங்க எல்லாம் எதுக்கு, கை தட்டவா?" என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக வெல்மா பல வருடம் மகளை வதைத்தாள் என்றுதான் நான் சொல்வேன். நேர்மை நல்லதுதான். ஆனால் ஊருக்குக் காட்டுவதற்காக நேர்மையாக இருப்பவர்களின் வீட்டில் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

கைட்ஸ் படையின் பழைய கேப்டன் அமெரிக்காவில் இருந்த மகனிடம் போய்விட, அந்தப் பொறுப்பும் வெல்மாவிடமே வந்தது. ஆக, ஜோனெல் எந்தப் படிக்கு ஏறினாலும் அங்கே அம்மா முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சீருடை மாட்டிவிட்டால் 'மம்மி' கிடையாது. 'கேப்டன், நீங்க' என்றுதான் பேச வேண்டும். மற்றவள் தடுக்கி விழுந்தால் "அடி பட்டுதா கண்ணு?" ஜோனெல் விழுந்தால் "எழுந்திரு." கக்கூஸ் கழுவ முதல் பெயர் ஜோனெல், சாப்பாட்டுத் தட்டு நீட்டும்போது கடைசிப் பெயர் ஜோனெல். அவளும் வாயைத் திறக்காமல் செய்தாள். செய்து செய்தே தன் அணிக்குத் தலைவியாகவும் ஆனாள்.

பதினாறு வயதில் கடைசிச் சோதனை வந்தது. சின்னப் பெண்களை வைத்து ஒரு முகாமைத் தனியாளாக நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் ரேஞ்சர் என்ற அடுத்த படி. தேர்வு வைப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் உதவக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடக் கூடாது. தலைநகரிலிருந்து வர வேண்டிய அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, அந்த வேலையும் வெல்மா தலையில் விழுந்தது.

வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அதைக் கேட்ட ஜோனெல், "அப்ப முடிவு இப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"என்ன பேச்சுடி இது?"

"இதுலயும் என்னை நடக்கவெச்சா, சீருடையை மடிச்சுப் பெட்டியில போட்டுருவேன் மம்மி. கோவமெல்லாம் இல்ல. அலுத்துப்போச்சு."

கோபம் என்றால் வெல்மா சமாளித்திருப்பாள். அலுப்பை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பெட்டிக்குள் போவது சீருடை மட்டுமாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தப் பெண் அம்மாவை நல்லபடியாகத்தான் நடத்துவாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கும் கூட வருவாள். ஆனால் எதையும் வந்து சொல்ல மாட்டாள்.

முகாம் ஊருக்கு மேலே, ஒரு கோகோ தோட்டத்தின் களத்தில், ஓரமாக ஒரு கொட்டகை. கித்தான் கூடாரங்கள் நான்கு. மூன்று ஜோனெலுக்கும் பிள்ளைகளுக்கும், ஒன்று கேப்டனுக்கு. எல்லாம் பருத்திக் கயிறு கட்டிய பழைய ராணுவச் சாமான். சனிக்கிழமை மத்தியானம் ஆயில் டவுன் என்ற குழம்பு ஒரு பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. சீமைப்பலா, உப்புப் போட்ட பன்றிவால், மேலே சேம்பிலை, தேங்காய்ப்பால் வற்றும் வாசனை. வெல்மா மடக்கு நாற்காலியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

வெல்மாவின் கண் கூடாரக் கயிறுகளுக்குப் போனது. காலையில் கட்டியபடி எல்லாம் விறைப்பாக நின்றன. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். முன்கூட்டியே தளர்த்தவில்லை என்றால் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கூடாரம் தலைமேல் விழும். ஜோனெலோ பானைப் பக்கம் குனிந்து சின்னப்பெண் டமிக்காவுக்கு உப்புப் பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எச்சரித்துவிட வேண்டும் என்று வெல்மாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒரு இருமல் போதும், மகள் நிமிர்ந்து பார்ப்பாள். ஆனால் அந்த இருமலோடு தேர்வு செத்துவிடும்.

டமிக்கா ஓடி வந்தாள். "கேப்டன், மழ வருமா?"

"உன் லீடரைப் போய்க் கேளு."

"அக்கா சும்மா உப்புப் பாத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப உப்பு சரியா இருக்கும். போ."

முதல் குளிர்காற்று வந்ததும் ஜோனெல் நிமிர்ந்தாள். வானத்தை ஒரு பார்வை, கயிறுகளை ஒரு பார்வை. அப்புறம் அவள் போட்ட சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது. "விறகை மூடுங்க. ஷாரா, பானையோட அந்தக் காதைப் பிடி, கொட்டகைக்குள்ள போவோம். மத்தவங்க எல்லாம் கயிறு. இழுக்காதீங்கடி, விட்டுக் குடுங்க. எல்லா முளையும் பாருங்க." பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரி சிதறி ஓடினார்கள். ஜோனெல் பானையை இறக்கிவிட்டு வந்து தங்கள் கூடாரங்களில் ஒவ்வொரு கயிறாகத் தட்டிப் பார்த்தாள். கடைசிக் கயிறு தளர்ந்தபோது மழை கொட்டத் தொடங்கியது.

கொட்டகை இறவாணத்தில் நின்ற வெல்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கூடாரமும் அசையாமல் நின்றன. பெருமையில் அவளுக்குக் கண் மறைத்தது. அப்போதுதான் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நான்காவது கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, படுக்கை, பெட்டி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு சேற்றில் படுத்தது.

அது கேப்டனுடையது.

பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். இத்தனை பேருக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்த வெல்மா கஃபி மழையில் ஓடிப் போய்க் கித்தானை இழுத்தாள். தெப்பலாக நனைந்ததுதான் மிச்சம். ஜோனெல் வந்து அவள் கையைப் பிடித்துத் தன் கூடாரத்துக்குள் கூட்டிப்போனாள். மகளின் முகம் வெளுத்திருந்தது.

"கேப்டன், உங்க கூடாரத்தையும் நான் பாத்திருக்கணும். என் தப்புதான். எழுதிக்குங்க."

"தேர்வு வைக்கிறவ கூடாரம் அவ பொறுப்பு. சட்டமே அப்படித்தான். நீ தொட்டிருந்தாதான் தப்பு."

"எனக்காகச் சட்டத்த வளைக்காதீங்க."

"வளைக்கல. உன் முகாம்ல ஒரு துணி நனையல. நீ தேறிட்ட."

ஜோனெல் நம்பவில்லை. "அப்ப நீங்க ஏன் தளர்த்தல? எனக்கு ஏழு வயசுலேருந்து இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

"பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"எத?"

"உன்னத்தான்."

"நான் எங்க தப்பு விடுவேன்னா?"

மழை கித்தான்மேல் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வி வெல்மாவுக்கு நியாயமாகத்தான் பட்டது, அதனால் இன்னும் வலித்தது. ஈரத் தலைமுடியை முகத்திலிருந்து ஒதுக்கிக்கொண்டாள்.

"கேப்டனா பாத்துக்கிட்டு இருந்திருந்தா, மொதல்ல என் கயித்தைத் தளர்த்தியிருப்பேன் ஜோ" என்றாள். "எனக்குக் கூடாரம் ஒண்ணு இருக்குங்கறதே மறந்துபோச்சு."

ஜோனெல் துண்டை எடுத்து அம்மாவின் தலையில் போட்டுத் துவட்டினாள், ஒரு கையால், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் பாவாடை மடிப்பில் மறைத்து வைத்திருந்த இன்னொரு கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கை சிவந்து ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

"பானை சுட்டுடுச்சு" என்றாள். "கேப்டன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"அய்யோ, நான் பாக்கவே இல்லையே."

"எரியுது மம்மி."

வெல்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, கூடார வாசலுக்கு வெளியே மழையில் நீட்டினாள். எரிச்சல் அடங்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.