சென்னம்மாவின் ஏழு ஏக்கர்

காலை ஒன்பதேகாலுக்கு வெங்கடப்பன் போன் செய்தார். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள மாங்கூழ் ஆலையில் அவர் கேட் சூப்பர்வைசர். ஓசூரில் ஆறே பேர் வேலை பார்க்கும் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அந்த ஆலைதான் பெரிய வாடிக்கையாளர். அது கையை விட்டுப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"வஜிஹாம்மா, இன்னிக்கும் சீட்டு மேல ஏறலைங்க. பதினெட்டு டிராக்டர் நிக்குது. காயெல்லாம் வெயில்ல வேகுது."

"பாத்துட்டே இருக்கேங்க."

"நாலு நாளா இதையேதாம்மா சொல்றீங்க," என்றவர், யாரிடமோ தெலுங்கில் கத்திக்கொண்டே போனை வைத்தார்.

அவர் கோபம் நியாயம்தான். எடைமேடையில் சீட்டுப் போடுவது எங்கள் மென்பொருள். ஆனால் ஆலையின் கொள்முதல், இருப்பு எல்லாம் பெங்களூரில் உள்ள ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருளில் இருக்கிறது. எங்கள் சீட்டு அதற்குள் போய்ச் சேர்ந்தால்தான், அதாவது மேலே ஏறினால்தான், காயை இறக்க அனுமதி வரும். அதற்காக அவர்கள் எங்களுக்கு நாற்பது எழுத்தில் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். சிறு ஆலைகளுக்கு அவர்களும் எங்களைப் போலவே மென்பொருள் விற்கிறார்கள். அதாவது எங்கள் வீட்டுக்குள் போக வழி போட்டிக்காரன் வீட்டு வாசல் வழியாக. இதை யோசித்தால் எனக்குத் தலை வலிக்கும், அதனால் மூன்று வருடமாக யோசிக்கவில்லை.

திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. நேற்றும் அப்படித்தான் வந்தது, மத்தியானம் தானாகவே சரியானது. ஏன் போனது, ஏன் வந்தது, ஒன்றும் விளங்கவில்லை. புரோகிராமர் அஜித்குமார் முதல் நாள் தப்பு அவர்கள் பக்கம் என்றான். இரண்டாம் நாள் நம் பக்கம் என்றான். மூன்றாம் நாள் பேசுவதையே நிறுத்திவிட்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

வழக்கம்போல அவர்களுடைய புகார்ப் படிவத்தைத் திறந்தேன். டிக்கெட் என்பார்கள் அதை. அதில் ஒரு பெரிய பெட்டி இருக்கும்: 'உங்கள் வாடிக்கையாளர் இதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று விரிவாக விளக்கவும்.' மற்ற கம்பெனிக்காரர்கள் அதில் ஒரு வரி எழுதித் தள்ளிவிடுவார்களாம். நான் அப்படி இல்லை. படங்கள் போட்டு, அம்புக்குறி போட்டு, இரண்டு பக்கம் எழுதுவேன். நன்றாக விளக்கினால் சீக்கிரம் சரி செய்வார்கள் என்பது என் நம்பிக்கை. கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

எங்கள் சீட்டில் ஏன் இரண்டு பெயர்கள் என்று ஒருமுறை கேட்டார்கள். இங்கே மாந்தோப்பு ஒருவருடையது, காய் குத்தகைக்காரருடையது, இரண்டு பேர் பெயரும் இல்லாவிட்டால் கேட்டிலேயே சண்டை வரும் என்று எழுதினேன். ஏன் மூன்று மொழி என்றார்கள். டிராக்டர் கர்நாடகத்து மாலூரிலிருந்தும் வரும், ஆந்திரத்துக் குப்பத்திலிருந்தும் வரும் என்றேன். உதாரணத்துக்கு எப்போதும் ஒரே பெயர்தான் போடுவேன்: தோப்பு உரிமையாளர் சென்னம்மா, அஞ்செட்டி, ஏழு ஏக்கர். குத்தகைக்காரர் கரியப்பன்.

சென்னம்மாக்கா எங்கள் ஆபீசைப் பெருக்கி, டீ போடுகிறவர். சொந்த ஊர் அஞ்செட்டி என்பது மட்டும் நிஜம். ஒரு சென்ட் நிலம் கிடையாது. "கம்ப்யூட்டர்ல எம் பேரையும் போடு கண்ணு" என்று ஒருநாள் கேட்டார். நான் ஏழு ஏக்கரே எழுதி வைத்தேன். அன்றிலிருந்து டீ கொண்டுவரும்போதெல்லாம், "என் தோப்புல இந்த வருசம் காய் எப்படி?" என்று விசாரிப்பார்.

பத்து மணிக்கு முதலாளி பஷீர் அஹமது தன் அறையிலிருந்து கூப்பிட்டார். "எல்லாரும் இங்க வாங்க. இதப் பாருங்க."

பெங்களூர்க்காரர்கள் வெளியிட்டிருந்த புது வீடியோ. மாங்கூழ் ஆலைகளுக்கென்றே தனியாக எடைச்சீட்டு மென்பொருள் செய்திருந்தார்கள். மூன்று மொழி. இரட்டைப் பெயர். பின்னணியில் வயலின் ஓடியது. ஒரு பெண் குரல், "உதாரணமாக ஒரு சீட்டைப் பார்ப்போம்" என்றது.

தோப்பு உரிமையாளர்: சென்னம்மா, அஞ்செட்டி, ஏழு ஏக்கர்.

டீ டம்ளர்களோடு கதவருகே நின்ற சென்னம்மாக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, என் தோப்பு டிவில வருது!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. பஷீர் சார் வீடியோவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ என்னம்மா பண்ணுவே, படிவத்துல கேட்டாங்க, எழுதினே" என்றார். எனக்கு அழுகை வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்தான்.

ரஞ்சிதாவுக்குப் போன் செய்தேன். மூன்று வருடமாகப் பெங்களூரிலிருந்து என் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள் அவள். இதுவரை குரல் கேட்டதில்லை. சண்டை போடத்தான் கூப்பிட்டேன்.

"வஜிஹா மேடமா! நீங்களாங்க!" என்று அவள் துள்ளினாள். "நானும் அரூர்ப் பக்கந்தாங்க. வீடியோ பாத்தீங்களா? சென்னம்மா பேர எடுக்கச் சொன்னாங்க, நாந்தான் உங்க ஞாபகமா இருக்கட்டும்னு விடலை."

திருடியவள் இப்படியா பேசுவாள்? திருட்டு என்றுதான் எப்படிச் சொல்வது, கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தானே?

"உங்க டிக்கெட்டத்தான் புதுசா சேர்றவங்களுக்கு மொதல்ல படிக்கக் குடுப்போம். நீங்க எங்க கம்பெனியிலதான் வேலை செய்றீங்கன்னு இங்க பாதிப் பேரு நெனச்சிட்டு இருந்தாங்க மேடம்."

"சாவி ஏன் நாலு நாளா வேலை செய்யல ரஞ்சிதா?"

"அது வேற டீமுங்க, எனக்குத் தெரியாது. உங்க டிக்கெட்ல ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்குது. அது இல்லாம சிஸ்டம் அடுத்த டீமுக்கு அனுப்பாதுங்க. பதில் போடுங்க, நான் தள்ளி விடறேன்."

கேள்வியைத் திறந்து பார்த்தேன். 'உங்கள் சீட்டில் மேல், கீழ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது எதற்கு?'

அஜித் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "அக்கா, அது மட்டும் சொல்லாதீங்க. நம்மகிட்ட மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்" என்றான்.

உண்மைதான். சின்னத் தோப்புக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே டிராக்டரில் காய் அனுப்புவார்கள். கீழே ஒருவர் காய், அதன்மேல் மாவிலைப் பரப்பு, மேலே இன்னொருவர் காய். முழு வண்டியையும் எடை போட்டு, இலை தெரியும்வரை இறக்கி, மறுபடி எடை போட வேண்டும். மேலே யார், கீழே யார் என்று முதல் எடைக்கு முன்னாலேயே பதியாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். வெங்கடப்பன் எங்களை விடாமல் வைத்திருப்பதே அந்தக் கட்டத்துக்காகத்தான்.

சொன்னால் அடுத்த மாதம் அவர்களிடமும் அது இருக்கும். சொல்லாவிட்டால் இன்றைக்கே டிராக்டர்கள் திரும்பிப் போகும். இந்தக் கேள்வி வேண்டுமென்றே வைத்ததா, அப்பாவித்தனமா? ரஞ்சிதாவுக்கே தெரியாது என்று தோன்றியது. பஷீர் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

வெங்கடப்பன் மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "பெங்களூர்லருந்து ஒரு பையன் லேப்டாப்போட கேட்ல வந்து நிக்கிறாம்மா. அவன் சீட்டு மேல ஏறுதாம். ஆனா மேல் கீழ் இல்லையாம். அர மணி நேரம் பொறுக்கறேன், அதுக்கு மேல என்னால ஆகாது."

எழுத ஆரம்பித்தேன். இலைப் பரப்பு, இரண்டு எடை, எல்லாம். அரைகுறையாக எழுதத்தான் நினைத்தேன், கை கேட்கவில்லை. படம் போட்டேன், அம்புக்குறியும் போட்டேன். கடைசியில் உதாரணத்துக்கு இரண்டு தோப்புக்காரர்கள் தேவைப்பட்டார்கள். மேல்: சென்னம்மா, அஞ்செட்டி. கீழ் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் பெயரையே போட்டேன்: வஜிஹா, ஓசூர்.

அனுப்பி எட்டு நிமிடத்தில் சாவி வேலை செய்தது. பதினெட்டுச் சீட்டும் ஒவ்வொன்றாக ஏறின. என் பதிலால்தான் வந்ததா, வழக்கம்போலத் தானாக வந்ததா, இன்றுவரை தெரியாது. 'மிகவும் பயனுள்ள விளக்கம், நன்றி' என்று ரஞ்சிதா எழுதியிருந்தாள். கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

சென்னம்மாக்கா ஆறிப்போன டம்ளரை எடுக்க வந்தார். அவர் முகத்தில் காலைச் சிரிப்பு இல்லை. அஜித் சொல்லியிருப்பான்.

"என் தோப்ப அவங்களுக்குக் குடுத்துட்டியா கண்ணு?"

"ஆமாக்கா," என்றேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். "போனாப் போவுது. நீ எங்க போவே?"

திரையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் மேலும் கீழுமாக இருந்தன.