நகராத கப்பலுக்கு ஒரு கேப்டன்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரின் வரவேற்பறையில். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் காத்திருந்தபோது முன்னும் பின்னும் கிழிந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். அதில் ஒரு சிவப்புக் கப்பலின் படம். கீழே ஒரே வரி: ‘இந்தக் கப்பல் எங்கேயும் போகாது.’ பக்கத்தில் இருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க சொந்தக்காரனா?” என்றாள்.

பல் போனது. கப்பல் போகவில்லை. வாயைத் திறக்க முடியாமல் கிடந்த நாட்களில் விளக்குக் கப்பல்களைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“கடல் சீறிக்கொண்டிருந்தது. அலைகள் மலைகளைப் போல —” (கடல் என்றால் சீறித்தான் ஆக வேண்டுமா?)

“அந்தக் கப்பலின் தனிமை என்பது மனித இருப்பின் —” (இப்படி எழுதுகிற ஆளை எனக்குத் தெரியும். அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.)

“விளக்குக் கப்பல் என்பது யாதெனில் —” (மனைவி படித்துவிட்டு, “பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டாள்.)

பரீட்சைக்கு வராது. ஆனாலும் சொல்லாமல் முடியாது.

3

கடலுக்குள் மணல்மேடுகள் உண்டு. மேலே பார்த்தால் தண்ணீர்தான். கப்பல் ஏறினால் ஏறியதுதான், இறங்காது. அங்கே கலங்கரை விளக்கம் கட்டலாமென்றால் அஸ்திவாரம் நிற்பதில்லை. ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன்பு யாருக்கோ ஒரு யோசனை வந்தது: விளக்கைக் கப்பலில் மாட்டி, கப்பலை அங்கேயே கட்டிப்போட்டால் என்ன? முதலில் பாய்மரத்தில் எண்ணெய் விளக்குகள் தொங்கின. பிறகு பெரிய விளக்குகள் வந்தன. பனிமூட்டத்துக்கு மணியும் ஊதலும் சேர்ந்தன. நங்கூரம் காளான் வடிவில் இருக்கும். பல கப்பல்களில் எஞ்சினே கிடையாது. புயல் வந்தால் மற்ற கப்பல்களெல்லாம் துறைமுகத்தைப் பார்த்து ஓடும். இதில் இருப்பவர்கள், ஓடாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கினார்கள்.*

(* விளக்கைப் பார்த்து விலகிப்போக வேண்டிய கப்பல், அதையே குறிவைத்து வந்து முட்டிய சம்பவங்களும் உண்டு. வழி காட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல.)

பிற்காலத்தில் அந்த வேலையை ஆளில்லாத மிதவைகள் எடுத்துக்கொண்டன. மிதவைகளுக்கு மச்சான் கிடையாது. ஆகவே அவற்றைப் பற்றிக் கதை எழுத முடியாது.

4

நம் கேப்டனுக்கு மச்சான் உண்டு. மனைவியின் அண்ணன், அவரும் கேப்டன்தான். சரக்குக் கப்பலில் போகாத துறைமுகமில்லை. ஒரு சொந்தக்காரக் கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: “நம்ம மாப்ளையும் கேப்டன்தாங்க. என்ன, கப்பல்தான் இன்னும் கிளம்பல.”

பந்தி சிரித்தது. மச்சானுக்கு அது போதவில்லை. “நகராத கப்பலுக்குக் கேப்டன் எதுக்கு மாப்ள? ஒரு ஆணி அடிச்சு விளக்க மாட்டினா போதாதா?”

கேப்டன் பாதியில் எழுந்து கை கழுவினார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம்.

“அண்ணன் விளையாட்டுக்குத்தானே சொன்னாரு?” என்றாள் கேப்டனின் மனைவி.

“நானும் விளையாட்டுக்குத்தான் பேசாம இருக்கேன்.”

5

கப்பலில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். விளக்கையும் மணியையும் கவனிக்க விளக்குக்காரர் அவசியம். சமையல்காரர் வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் கூப்பிடாமலே கதைக்குள் வந்தவர். வந்ததும் புலம்பத் தொடங்கினார்: “ஓடுற கப்பல்ல எனக்கு ஒண்ணுமே ஆவாது சார். இப்படி நின்ன இடத்துலயே ஆடுது பாருங்க, அதான் கொடலப் புரட்டுது.”

ஒரு மத்தியானம் அவரை அடித்துவிட்டேன். (பேனாவால்.) அடுத்த பத்தியிலேயே கேப்டன் பசியோடு முறைத்தார். திரும்பக் கூட்டிவந்தேன்.

6

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, பால் கொட்டியதுபோல் பனி. முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை. விளக்குக்காரர் விட்டு விட்டு மணியடித்துக்கொண்டிருந்தார். கப்பல் நகர்கிறதா என்று அறியக் கடலடியில் போட்டுவைத்த ஈயக்குண்டின் கயிற்றைக் கேப்டன் தொட்டுப் பார்த்தார். நேராக இறங்க வேண்டிய கயிறு சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது. நங்கூரச் சங்கிலி அறுந்துவிட்டது. கப்பல் மெதுவாக மிதந்து, மணல்மேட்டை விட்டு வெகுதூரம் வந்திருக்கிறது.

இரண்டாவது நங்கூரத்தைப் போட்டார்கள், பிடித்தது. ஆனால் பிடித்த இடம் பெரிய கப்பல்கள் போகும் பாதை.

“மணிய நிறுத்து,” என்றார் கேப்டன்.

“இந்தப் பனியிலயா சார்?” என்றார் விளக்குக்காரர்.

“நாம நம்ம இடத்துல இல்லப்பா. இங்க மணியடிச்சா, வர்ற கப்பல்காரன் மணல் இங்கதான் இருக்குன்னு நெனச்சு ஒதுங்குவான். ஒதுங்கி நேரா மணல்லயே போய் ஏறுவான்.”

“அடிக்கலன்னா நம்ம மேலயே ஏறுவானே!”

“ஆமா.”

(இந்த ‘ஆமா’வை எழுதியபின் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.)

மணி நின்றது. அந்த அமைதியில் தூரத்தில் ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. மறுபடி கேட்டபோது அது பக்கத்தில் இருந்தது.

மணி கூடாது. மணியென்று யாரும் நினைக்காத சத்தம் வேண்டும். கேப்டன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: “இருக்கிறதுலயே பெரிய பாத்திரத்த எடுத்துட்டு வா!”

“சாப்பாடு இருக்கு சார் அதுல.”

“கொட்டு!”

“எதுல சார் கொட்ட?”

“கடல்லய்யா!”

காலையிலிருந்து சமைத்ததைக் கடலில் கவிழ்த்துவிட்டு, அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கரண்டியால் அடித்தார் சமையல்காரர். விளக்குக்காரர் வாளியைத் தட்டினார். கேப்டன் தட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் வாயைத் திறந்தார்.

“எவன்டா அது! நிறுத்துடா! கப்பல் ஓட்டுறியா, கழுதை மேய்க்கிறியா?”

பனிக்குள் எஞ்சின் முனகியது, பின்னோக்கிச் சுழன்று அலறியது. கறுப்புச் சுவர்போல் ஒரு கப்பல் வந்து, இவர்களுடைய கைப்பிடிக் கம்பிகளை மட்டும் பிய்த்துக்கொண்டு உரசி நின்றது.

மேலேயிருந்து ஒரு குரல்: “மாப்ள?”

7

(இந்த இடத்தில் மனைவி கையெழுத்துப் பிரதியைக் கீழே வைத்தாள். “அத்தனை பெரிய கடல்ல மச்சான் கப்பல்தான் வரணுமா?” நான் சொன்னேன்: “மச்சானுங்க அப்படித்தான் வருவாங்க.” அவளுக்கும் அண்ணன் உண்டு. மேற்கொண்டு கேட்கவில்லை.)

“மச்சானா?”

“நீங்களா மாப்ள கழுதைன்னது? இங்க நம்ம பசங்க எல்லாரும் கேட்டுட்டு நிக்கிறாங்க.”

“யாருன்னு தெரியாம சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா?”

கேப்டன் யோசித்தார். “இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லியிருப்பேன்.”

மேலே யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

“மணி எங்க மாப்ள? மணிச் சத்தத்த வச்சுத்தான் திரும்பலாம்னு காதத் தீட்டிட்டு வந்தேன்.”

“அடிச்சிருந்தா இந்நேரம் நீங்க மணல்மேல உக்காந்திருப்பீங்க.”

மச்சான் வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வந்த குரல் பந்தியில் கேட்ட குரலாக இல்லை.

“அடிக்காம விட்டதுல நீங்க போயிருப்பீங்களே மாப்ள.”

“அதுக்கு என்ன பண்றது,” என்றார் கேப்டன்.

சமையல்காரர் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பயத்திலா, சாப்பாட்டை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

8

பனி விலகியது. இழுவைப் படகு வந்து விளக்குக் கப்பலைப் பழைய இடத்தில் கட்டிப்போட்டது. விடுப்பில் கேப்டன் வீட்டுக்கு வந்தார். அன்று மாலையே மச்சானும் வந்தார்.

எழுதிக் கிழித்த முடிவுகள்: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (இவர்களா? கையைக்கூடக் குலுக்கமாட்டார்கள்.) கேப்டன் ஓடுகிற கப்பலுக்கு மாற்றல் கேட்கிறார். (நான் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “நான் அங்க இல்லன்னா அங்க யாரு?” என்றார்.) ‘ஆணி’ பெரிய வார்த்தையா, ‘கழுதை’ பெரிய வார்த்தையா என்று பஞ்சாயத்து நடக்கிறது. (அது கல்யாணத்தையே தாண்டி நீளும்.)

மிஞ்சியது இவ்வளவுதான். மச்சான் வாசலில் நிற்கிறார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து, எதையும் படிக்காமல், செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கிறார். நடுவில் நிற்கும் கேப்டனின் மனைவி இரண்டு பக்கமும் பார்க்கிறாள்.

“உள்ள வாங்கண்ணேன்னு நான் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்,” என்கிறாள். “ஆனா நான் சொன்னா அது கணக்குல சேராது.”

கேப்டனைச் சொல்லவைக்க எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். என் குரலாகவே வருகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்கள்தான் அவருக்காகச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். மச்சானுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாக.

இன்னொரு செருப்பு இன்னும் அவர் காலில்தான் இருக்கிறது.