நேராகப் பார்த்த படம்

படம் ஒன்றுகூட அழியவில்லை. தம்பி அதைத்தான் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, அட்டைப்பெட்டித் தூசி தலையில் அப்பியபடி நேரே அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடந்தது.

"படம் பூரா இருக்குக்கா. எது யாரு, எது எப்போ எடுத்ததுங்கிறதுதான் போயிடுச்சு."

"எனக்கு வேண்டியதே அதுதானேடா" என்றாள் அவள்.

வினை அவள் கணவன் செய்தது. லேப்டாப்பில் இடமில்லை என்று போட்டோக்கள் இருந்த லைப்ரரி முழுவதையும் தனி டிஸ்க்குக்கு மாற்றியிருந்தான். டிஸ்க்கில் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே, போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று ஒயரைப் பிடுங்கினான். மறுநாள் லைப்ரரி திறக்கவில்லை. சரிசெய்யவா என்று கேட்டது. ஆம் என்றான். பாதியில் நின்றது. மூடித் திறந்து மறுபடி ஆம் என்றான். அப்படியே இன்னும் சில தடவை. கேட்டதற்கெல்லாம் அவன் தலையாட்டியதில், கடைசியில் அது கேட்பதையே நிறுத்திவிட்டது. நகல் எடுத்து வைக்கும் இன்னொரு டிஸ்க்கும் இருந்தது. அது கெட்டுப்போனதை அப்படியே வாங்கி, நல்லதன்மேல் எழுதிக்கொண்டது.

"நகலுக்கு நல்லது கெட்டது தெரியாது அத்தான். குடுத்ததை வாங்கிக்கும்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நல்லது பண்றோம்னு நினைச்சேன்" என்றான் கணவன். சோபாவில் உட்கார்ந்து டிவி ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை.

தம்பி செய்யக்கூடியதைச் செய்தான். பெயரும் தேதியும் பதிந்திருந்த டேட்டாபேஸ் உடைந்திருந்தது; அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அசல் படங்களை மட்டும் உருவிப் புது லைப்ரரியில் கொட்டினான். எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் இன்றைய தேதி. பழைய போன்களிலிருந்து மெசேஜில் அனுப்பி அனுப்பிச் சேர்த்த படங்கள் அவை. வரும் வழியிலேயே தேதியை உதிர்த்துவிட்டு வந்தவை. சரியான தேதியையும் பெயரையும் அவள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். இரண்டாவது மகள் சின்னவள் வயிற்றில் இருந்தபோது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன மாதங்களில். அவள் அடித்தது படங்களில் ஒட்டவில்லை. டேட்டாபேஸில் இருந்தது. அதோடு போனது.

பெரியவள் இரண்டு வயது தாண்டியதும் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருடம் சின்னவள் பிறந்தாள். இப்போது எட்டு வயது. உள்ளறையில் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். லைப்ரரியில் 'பெரியவ' என்று ஓர் ஆல்பம் இருந்தது. அவள் பெயர் அடித்துத் தொடங்கியது; பிறகு வந்த படங்களை முகம் பார்த்து லைப்ரரியே அதில் சேர்த்துக்கொண்டது. அம்மா வேலை பார்க்கும் கார்மென்ட் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் தன் போனில் திறப்பது அதைத்தான். போன திங்கட்கிழமை திறந்தபோது அது காலியாக இருந்தது. மிச்ச இடைவேளை முழுக்க டிபன் பாக்ஸை மூடியும் திறந்தும் உட்கார்ந்திருந்தாள்.

"மத்ததெல்லாம் எக்கேடு கெட்டும் போகட்டும். அந்த ஆல்பம் வேணும்."

"அப்போ நீயேதான் பிரிக்கணும். எனக்கு ரெண்டும் ஒரே மூஞ்சி."

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவள் வேலையும் அதுதான். மேசைமேல் வந்து விழுகிற சட்டைகளில் கோணல் தையலையும் தூக்கிய காலரையும் பிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது. அவள் கண்ணுக்குத் தப்பிக் கெட்ட பீஸ் எதுவும் வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தாள். இது பெரியவள். இது சின்னவள். இது பெரியவள். கொஞ்ச நேரம் விறுவிறுவென்று போனது. பிறகு விரல் நின்றது.

மஞ்சள் கவுன். கைப்பிடி வைத்த மர நாற்காலி. இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம். அடுத்த படத்திலும் அதே கவுன், அதே நாற்காலி, அதே வெளிச்சம். சின்னவள் பிறந்த பிறகு அவள் கணவன் செய்த காரியம் அது. பெரியவளை எங்கே எப்படி உட்கார வைத்து எடுத்தானோ, அதே மாத வயதில், அதே இடத்தில், அதே துணியைப் போட்டுச் சின்னவளையும் எடுத்தான். பரணில் இருந்த பொம்மையைக்கூட இறக்கிக் கையில் கொடுத்தான். அப்போது அவளுக்கு அது தப்பாகப் படவில்லை. பார்க்க வந்தவர்கள் அச்சு அசல் அக்காவேதான் என்று சொன்னபோது மகிழ்ந்தும் போனாள்.

இப்போது ஒரே மாதிரி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரியவில்லை. காதைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. முதலில் பிரித்தவைமேலும் சந்தேகம் வந்து, திரும்பப் போய்ப் பார்த்தாள். அவற்றிலும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இரண்டு வட்டங்களில் இரண்டு முகங்கள். இவர்கள் ஒரே நபரா?

பின்னால் வந்து நின்ற கணவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி 'ஆம்' என்பதைத் தட்டினான்.

"என்ன பண்ணுறீங்க?"

"எதுக்கு இப்படி உயிரை விடுற? ரெண்டும் நம்ம புள்ளைதானே."

"ரெண்டும்னா ரெண்டு. ஒண்ணு இல்ல."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். எதையும் தொடவும் வேண்டாம். தொட்ட வரைக்கும் போதும்."

தம்பி அத்தான் தட்டியதை மாற்றிவிட்டான். அவனுக்குத் தூக்கத்தில் தலை தொங்கியது. சத்தம் கேட்டுச் சின்னவள் பென்சிலைக் கடித்தபடி வந்து நின்றாள்.

"ஆந்தை மாமா, பகல்ல உனக்குக் கண்ணு தெரியுமா?"

"தெரியாதுடி. அதான் உங்கம்மா பாக்குறா."

"அம்மாவுக்கும் தெரியல போல."

"வாயை மூடிட்டுப் போய்க் கணக்கைப் போடு" என்றாள் அம்மா.

சின்னவள் போகவில்லை. மேசையில் மோவாயை வைத்துத் திரையைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். "இது நான். இது அக்கா. இது நான். இதுவும் நான்."

"விளையாடாத."

"விளையாடல. நாற்காலி கைப்பிடியைப் பாரு. முன்னாடி முனை. அது நான் கடிச்சது."

அந்த நாற்காலி இப்போது பால்கனியில் துணி போடக் கிடந்தது. அவள் எழுந்து போய் ஈரத் துண்டுகளை விலக்கினாள். இடது கைப்பிடியின் முனையில் பாலிஷ் போய், மரம் சின்னச் சின்னக் குழியாக இருந்தது. பல் முளைக்கிற வயதில் சின்னவள் அதில் வாயை வைத்துக்கொண்டு விடமாட்டாள். அதட்டியது ஞாபகம் இருந்தது. குழிகளில் கட்டை விரலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

மகள் சொன்னது சரி. கொஞ்சம் பெரிதாக்கியதுமே கைப்பிடி முனை தெரிந்தது. ஒன்றில் வழவழப்பு. ஒன்றில் குழி.

"ஹால்ல மாட்டியிருக்கே ஒரு படம், அதுவும் நான்தானே" என்றாள் சின்னவள்.

தம்பி நிமிர்ந்தான். கணவன் ரிமோட்டை மேசையில் வைத்தான்.

சுவரில் சட்டத்துக்குள் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை, பார்ப்பவரை நேராகப் பார்த்தபடி இருந்தது. தினமும் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவள் அதன் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் மங்கியிருந்தது. இப்போது முகத்தைப் பார்க்காமல் கீழே கைப்பிடியைப் பார்த்தாள். குழி இருந்தது.

"ஏண்டி இத்தனை நாளா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ என்னைத் தொட்டுட்டுத்தான் போறன்னு நினைச்சேன்." சின்னவள் தோளைக் குலுக்கினாள். "அப்புறம் யாரோ வந்தப்ப அது பெரிய பொண்ணுன்னு அப்பா சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்காமல் சுவரிடம் பேசினான்.

"வீடு மாறினப்போ பழைய படம் ஈரத்துல ஊறிடுச்சு. அதுலயும் பெரியவ பாதி முகம்தான் காட்டியிருந்தா, உனக்கே தெரியும். வேற பிரிண்ட் போடத் தேடினேன். அவ எதுலயும் நேரா பாக்கல. மாட்டுறதுக்கு ஒரு முகம் வேணாமா? நீ கண்டுபிடிச்சுடுவேன்னுதான் நினைச்சேன்."

"கண்டுபிடிக்கல" என்றாள்.

அவள் மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். குழி இருந்ததையெல்லாம் ஒரு பக்கம் தள்ளினாள். வழவழப்பானவற்றை 'பெரியவ' என்ற புது ஆல்பத்தில் போட்டாள். நாற்காலி இல்லாத படங்களில் வேறு ஏதாவது தடம் தேடினாள்: பழைய வீட்டுக் கதவு, மாற்றிய ஜன்னல் துணி. போர்வைக்குள் சுருண்ட கைக்குழந்தைப் படங்களில் எந்தத் தடமும் இல்லை. அவற்றை எதிலும் சேர்க்காமல் விட்டாள். தம்பி மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.

முடித்தபோது ஆல்பம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. பழைய ஆல்பத்தை விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். அதில் எத்தனை சின்னவளுடையது என்று இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. புது ஆல்பத்தில் இருந்த குழந்தை ஓரிடத்தில் நிற்காதவள். ஒன்றில் ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றில் முகத்தின்மேல் கை. ஒன்றில் யாரையோ பார்த்துச் சிரித்தாள். யாரென்று படத்தில் இல்லை. கணவன் சொன்னது பொய்யில்லை. எதிலும் அவள் நேராகப் பார்க்கவில்லை.

அவள் தம்பியை உலுக்கி எழுப்பினாள். "இதைப் பிரிண்ட் போட்டுக் குடு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். நாற்காலியில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பிய குழந்தை. பின்னந்தலையும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன.

"இதையாக்கா? முகமே இல்லையே."

"இது அவதான். அது போதும்."

சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. பின்பக்க ஆணிகளை நெம்பிப் படத்தை உருவினாள். எடுத்துவிட்டாளே தவிர, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், கடைசியில் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

சின்னவள் வந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, கணக்குப் போட உள்ளே போனாள்.