சூடேறாத எஞ்சின்

அந்த வீட்டு வாசலில் நின்ற காரில், எஞ்சினின் எண்ணெய்ப் புகையைப் பிடிக்கிற கேட்ச் கேனைக் கழற்றினேன். மறுபடியும் தண்ணீரும் ஆயிலும் கலந்து வெளுத்த கூழாகக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை தடவைம்மா சொல்றது? சூடேறுறதுக்குள்ள நிறுத்தினா உள்ள வேர்த்துத் தண்ணி கட்டத்தான் செய்யும். உங்க பையனைக் கொஞ்சம் தூரமா ஓட்டச் சொல்லுங்க."

அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "அவன் செத்து நாலு மாசமாச்சு தம்பி. படுக்கையில கிடக்கிற மனுஷன் தாங்க மாட்டாருன்னு சொல்லல. காலையில வண்டிச் சத்தம் கேட்டா, பிள்ளை வேலைக்குப் போறான்னு நினைச்சுக்குவாரு. எனக்குச் சாவியைத் திருப்ப மட்டுந்தான் தெரியும்."

கேனைத் துடைத்து மாட்டினேன். அந்தம்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதும் வீட்டுக்குள்ளேயிருந்து குரல் வந்தது.

"கிளம்பிட்டானா? ஒரு நாளாவது உள்ள வந்து அப்பன் முகத்தைப் பாக்குறானா பாரு, கல்நெஞ்சுக்காரன்."